தெற்குச் சபைகளின் சரித்திரம் – 9: கை வைக்கும் அதிகாரம் யாருக்கு?

ஏழடி உயரத்தில் முருகப்பெருமான் நின்றருளும் வல்லக்கோட்டையிலிருந்து வடக்கு நோக்கிச் சென்றால், சில மைல் தூரத்தில், இராமாநுசர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் வரும். திருக்கோட்டியூர் நம்பியிடம் 18-ஆம் முறை சென்று பெற்ற திருமந்திரப் பொருளை, பிறர் ஒருவருக்கும் சொல்லலாகாது என்ற ஆசாரியருடைய ஆணையை மீறி, கோபுரத்தின்மேல் ஏறி நின்று கீழே கூடியிருந்தோர் அனைவருக்கும் அவர் அறிவித்தார் என்றும், ஆணையை மீறினவனுக்கு நரகமே கதி என்று ஆசாரியர் சினந்தபோது, இத்தனை பேர் கடைத்தேறுவதாயின் நான் ஒருவன் நரகம் புகுவது நன்றே என்று மறுமொழி சொன்னார் என்றும், அதைக் கேட்ட ஆசாரியர் உள்ளம் உருகி அவரை ‘எம்பெருமானார்’ என்றழைத்துத் தழுவிக்கொண்டார் என்றும் வைணவ குருபரம்பரை கூறும்.

கிறிஸ்தவ சபைகளின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவன் வைணவ ஆசாரியர் ஒருவரின் கதையை முதலில் வைப்பானேன் என்று வாசகர் கேட்கலாம். இறைவனுடைய அருளைப் பிறருக்கு வழங்க ஒருவனுக்கு யாருடைய உத்தரவு வேண்டும் என்ற கேள்வி எந்தச் சமயத்துக்கும் தனியுடைமை அன்று. அருளைப் பெற்ற எளியவனுக்கும், அருளின் வாசலைக் காவல் புரிவதாகச் சொல்லும் ஸ்தாபனத்துக்கும் இடையே, எல்லாச் சமயங்களிலும் எல்லாக் காலங்களிலும் அது எழுந்திருக்கிறது. திருக்கோட்டியூரில் எழுந்த அதே கேள்வி 1835-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் எழுந்தது. அங்கே ஆணையிட்டவர்கள் ஆணை மீறியவரைத் தழுவிக்கொள்ளவில்லை, வேலையை விட்டு நீக்கினார்கள்.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் சிப்காட் வளாகங்கள் எழுந்து, மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் பெருகிய பின்னர், திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிச் சீமைகளிலிருந்து வேலை தேடி இங்கே வந்து குடியேறிய இளைஞர்கள் பலர். ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக் கூடங்களிலும் வீட்டு மாடிகளிலும் கூடி ஜெபிக்கிற அவர்களிடம் சொந்த ஊரைக் கேட்டால், டோனாவூர் என்றோ, மெஞ்ஞானபுரம் என்றோ, நல்லூர் என்றோ விடை வரக்கூடும். அந்த ஊர்ப்பெயர்களுக்குப் பின்னால் நிற்கிற மனிதரைப் பற்றியதே இந்த அத்தியாயம்.

சென்ற அத்தியாயத்தில், 1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் 40 பெயர்களே கொண்டிருந்த பாளையங்கோட்டைச் சபையையும், அதற்காக 1785-இல் ஆலயம் எழுப்பிய குளோரிந்தா அம்மையாரையும், தஞ்சையில் 1790-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் குருப்பட்டம் பெற்றுத் தெற்கே ஊழியம் செய்ய வந்த சத்தியநாதனையும் கண்டோம். அங்கே சொல்லாமல் விட்ட செய்தி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சத்தியநாதனின் தலைமேல் கை வைத்து அவரைக் குருவாக்கியவர்கள் லுத்தரன் மிஷனரிகள். அத்தியட்சர், அதாவது பிஷப், எவரும் அந்த இடத்தில் இல்லை. அவருக்கும் முன்னே, 1733-இல் தரங்கம்பாடியில் ஆரோன் பட்டம் பெற்றதும் அவ்விதமே. ஆங்கிலச் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம், தஞ்சை மிஷனுக்குப் பணம் அனுப்பி வந்த சங்கம், சத்தியநாதனின் பட்டத்தை ஆட்சேபிக்கவில்லை. அன்றைக்கு அவர் செய்த பிரசங்கத்தை இங்கிலாந்தில் அச்சிட்டு மகிழ்ச்சியோடு பரப்பியது. அத்தியட்சரின் கை படாத குருக்களே தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளுக்கு ஒரு நூற்றாண்டு காலம் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், திருவிருந்து பரிமாறினார்கள், மணம் முடித்தார்கள், மரித்தோரை அடக்கம் செய்தார்கள். அதில் குறை காண எவருக்கும் தோன்றவில்லை.

1814-இல் கல்கத்தாவில் ஆங்கிலச் சபையின் முதல் அத்தியட்சர் மிடில்டன் வந்து அமர்ந்தார். அத்தியட்சர் இல்லாத தேசத்தில் அவசியம் கருதிப் பொறுத்துக்கொண்டதை, அத்தியட்சர் உள்ள தேசத்தில் பொறுக்க முடியாது என்ற எண்ணம் அதுமுதல் மெல்ல மெல்ல வலுத்தது. அதே 1814-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4-ஆம் நாள், சார்லஸ் தியோபிலஸ் ஈவால்ட் ரேனியஸ் என்ற 23 வயது ஜெர்மானிய இளைஞர் சென்னையில் வந்து இறங்கினார்.

மேற்குப் பிரஷ்ய நாட்டில், 1790-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் பிறந்தவர் அவர். இளமையிலேயே தந்தையை இழந்து, பெர்லினில் மிஷனரிகளைப் பயிற்றிய பள்ளியிற் கற்று, 1812-இல் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். ஆங்கிலேயருள் மிஷனரியாகச் செல்ல முன்வந்தோர் அந்நாட்களில் அரிதாயிருந்தமையால், இலண்டனிலிருந்த சர்ச் மிஷனரி சங்கம், சுருக்கமாகச் சி.எம்.எஸ்., ஜெர்மானியரைத் தேடிச் சேர்த்துக்கொண்டது. லுத்தரன் பட்டம் அப்போது அதற்குத் தடையாகவும் இருக்கவில்லை. தரங்கம்பாடியிற் சில மாதங்கள் தங்கித் தமிழின் அரிச்சுவடியைத் தொடங்கிய ரேனியஸ், சென்னையில் 5 ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்து, அங்கிருந்த கமிட்டியாரோடு நேர்ந்த அபிப்பிராய பேதங்களின் பின்னர், பாளையங்கோட்டையில் சாப்ளினாக இருந்த ஜேம்ஸ் ஹோ விதை போட்டிருந்த பணியை ஏற்று, 1820 ஜூலை 7-ஆம் நாள் அவ்வூரை அடைந்தார்.

அதற்குப் பின் வந்த 15 ஆண்டுகளில் நடந்தவை ஒரு தனி நூலுக்குரியன. அவர் தமிழை ஊழியத்துக்குரிய கருவியாக மட்டும் கற்கவில்லை. அதில் ஆழ்ந்தார், இலக்கணம் எழுதினார், புதிய ஏற்பாட்டைத் தமிழர் காதுக்கு இயல்பாக ஒலிக்கும்படி திரும்ப மொழிபெயர்த்தார், மொழிபெயர்ப்பின் தத்துவத்தைப் பற்றி 1827-இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். தாம் நடத்திய செமினரியில் எல்லாச் சாதி மாணவரும் ஒரே இடத்தில் அமர்ந்து உண்ணவேண்டும் என்று விதித்தபோது மேல்சாதி மாணவர் வெளியேறினர். அதற்காக விதியைத் தளர்த்தாமல் செமினரியையே சில காலம் மூடி வைத்தார். பாளையங்கோட்டையில் இன்று ஊசிக் கோபுரம் என்று ஊரார் வழங்கும் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1826 ஜூன் 26-ஆம் நாள் பிரதிஷ்டையானது. சாத்தான்குளப் பக்கத்திலும் அதனைச் சூழ்ந்த தேரிக்காட்டு ஊர்களிலும் குடும்பம் குடும்பமாக மக்கள் சபையிற் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களுக்கு நேர்ந்த துன்பங்களும் சிறியன அல்ல; ஜெபவீடுகள் இடிக்கப்பட்டன, குடியிருந்த நிலத்தை விட்டுத் துரத்தப்பட்டவர்களும் உண்டு. அப்படித் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கி வீடு கட்டித் தருவதற்காகவே 1830-இல் தரும சங்கம் என்ற அமைப்பு தோன்றியது. பிரஷ்ய தேசத்துப் பிரபு டோனா அனுப்பிய பொருளைக்கொண்டு 1827-இல் எழுந்த ஊர்தான் டோனாவூர்.

அந்தக் கிராமங்களின் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை வாசகர் மனத்தில் நிறுத்திக்கொண்டாலன்றிப் பின்னால் வந்த சண்டையின் பொருள் விளங்காது. பனையேறியும் சிறு நிலத்தை உழுதும் பிழைத்த குடும்பங்கள் அவை. விடியுமுன் ஒரு முறையும் அந்தி சாய்ந்த பின் ஒரு முறையும் ஓலைக்கூரை வேய்ந்த ஜெபவீட்டிற் கூடுவார்கள். உபதேசியார் வேதத்தில் ஒரு பகுதியை வாசித்து விளக்குவார். எழுத்தறியாத கிழவிகள் வசனங்களை மனனம் செய்து ஒப்பிப்பார்கள். குழந்தைகளுக்கு எழுத்தைச் சொல்லிக் கொடுப்பவரும், சண்டை வந்தால் சமாதானம் பேசுபவரும், நோயுற்றவர் பாயருகே முழந்தாளிட்டு ஜெபிப்பவரும், சாவு வீட்டில் முதலில் வந்து நிற்பவரும் அந்த உபதேசியாரே. ஆனால் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவோ, அப்பத்தையும் ரசத்தையும் ஆசீர்வதித்துத் திருவிருந்து நடத்தவோ அவருக்கு அதிகாரம் இல்லை. ஏனெனில் அவருக்குக் குருப்பட்டம் இல்லை.

1835-ஐ நெருங்கும்போது சபையார் தொகை 10,000-ஐக் கடந்துவிட்டது. ஊர்கள் 250-க்கு மேற்பட்டன. உபதேசியார்கள் நூற்றுக்கும் அதிகம். பட்டம் பெற்ற குருக்களோ ரேனியஸும் அவருடைய தோழர்களான ஷாப்டர், முல்லர், லெக்லர் முதலிய சிலருமே. அவர்கள் குதிரையேறியும் மாட்டுவண்டியிலும் ஓயாமற் சுற்றினாலும், ஓர் ஊருக்கு மறுபடி வந்து சேர மாதங்கள் ஆயின. ஆகவே, நெடுநாள் சோதித்து அறிந்த உபதேசியார்களுள் தக்கவர்களுக்குத் தாமே, தமக்கு முன்னிருந்த லுத்தரன் மிஷனரிகள் ஆரோனுக்கும் சத்தியநாதனுக்கும் செய்தபடியே, கை வைத்துப் பட்டம் கொடுக்க விரும்பினார் ரேனியஸ்.

சங்கத்தார் சம்மதிக்கவில்லை. இனிமேல் பட்டம் பெறுகிறவர் எவராயினும் ஆங்கிலச் சபையின் அத்தியட்சர் கையாலேயே பெறவேண்டும். அச்சபையின் 39 மார்க்கப் பிரமாணங்களுக்கும், பொது ஜெபப் புத்தகத்துக்கும் கையெழுத்திட்டு உடன்படவேண்டும் என்றார்கள். 1830-இல் ஜான் தேவசகாயம் அந்த வழியிலேயே அத்தியட்சர் டர்னரிடம் உதவிக்குருப் பட்டம் பெற்றிருந்தார். ரேனியஸ் சொன்ன மறுப்பின் சாரம் இதுதான்: வேதத்தில் இல்லாத நிபந்தனைகளை வேதத்தை மட்டும் நம்பி வந்த எளிய மனிதர்கள்மேல் சுமத்த எனக்கு மனச்சாட்சி இடம் தரவில்லை, இங்கிலாந்தின் சரித்திரத்திலே, இங்கிலாந்தின் சண்டைகளுக்காக எழுதப்பட்ட பிரமாணங்களில் ஒரு தேரிக்காட்டு உபதேசியார் ஏன் கையெழுத்திட வேண்டும்? மேலும், அத்தியட்சர் கை வைத்தாலன்றிப் பட்டம் பட்டமாகாது என்று ஒப்புக்கொண்டால், தமது சொந்தப் பட்டமும் தமக்கு முன் உழைத்து மரித்த பெரியோர்களின் பட்டமும் செல்லாதவை என்று தாமே சாட்சி சொன்னதாகும். இந்தக் கடைசி வாதத்துக்கு அன்றைய கமிட்டியார் எவரும் நேரான விடை கூறியதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்நிலையில்தான் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவர் தெற்கே வந்தார். எக்ஸிட்டர் நகரில் செல்வம் கொழித்த பல் வைத்தியத் தொழிலை உதறிவிட்டு, எந்தச் சங்கத்தின் சம்பளமும் இன்றி 1829-இல் பாக்தாதுக்குச் சென்று, அங்கே கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்து, 1833-இல் இந்தியாவை அடைந்தவர் அவர். விசுவாசிகள் இரண்டு மூன்று பேர் கூடும் இடத்தில் குருவின்றியே திருவிருந்தை அனுபவிக்கலாம் என்பது அவருடைய கொள்கை. ரேனியஸ் அவ்வளவு தூரம் செல்லவில்லை. ஆயினும் வேதத்தின் எளிமையைப் பற்றி அவ்விருவரும் பேசிய பேச்சுகள் அவருள் நெடுநாளாகக் கனன்றிருந்ததை வெளிப்படுத்தத் துணிவு தந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

சென்னையில் சாப்ளினாக இருந்த ஹார்ப்பர் என்பவர் ஆங்கிலச் சபையின் அமைப்பைப் புகழ்ந்து எழுதிய நூலுக்கு 1834-இல் ரேனியஸ் ஒரு மதிப்புரை எழுதி அச்சிட்டார். அத்தியட்சர் ஆட்சி, குருப்பட்ட முறை, ஜெபப் புத்தகம் ஆகிய மூன்றையும் அதில் வேத வசனங்களை வைத்துத் தயவின்றி ஆராய்ந்தார். சங்கத்தின் சம்பளத்தைப் பெறுகிறவர் சங்கத்தைத் தாங்கும் சபையையே அச்சில் கண்டிப்பதா என்று சென்னைக் கமிட்டியார் வெகுண்டார்கள், இலண்டனுக்கு எழுதினார்கள். 1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தின்படி சென்னைக்கென்று தனி அத்தியட்சர் பீடம் உருவாகி, டேனியல் கோரி அதில் அமரவிருந்த காலம் அது. புதிய அத்தியட்சர் வந்து இறங்கும் வேளையில் அவருடைய எல்லைக்குள் இப்படி ஒரு குரல் ஒலிப்பதைச் சங்கத்தார் விரும்புவார்களா? 1835-இல் ரேனியஸின் தொடர்பைத் துண்டிக்கும் கடிதம் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது.

சங்கத்தாரின் நியாயத்தையும் சொல்லாமல் விடுவது சரித்திரம் எழுதுபவனுக்குத் தகாது. தங்கள் சபையை நேசித்தவர்கள் ஈந்த காணிக்கையைக் கொண்டே அவர்கள் இந்த மிஷனை நடத்தினார்கள். அந்தச் சபையின் ஒழுங்குக்கு உட்படாத குருமார்களை அந்தப் பணத்தால் உண்டாக்குவது நம்பிக்கைத் துரோகம் என்று அவர்கள் நேர்மையாகவே கருதினார்கள். ஒழுங்கு இல்லாத இடத்தில் வல்லவன் ஆள்வான் என்ற அச்சமும் வெற்று அச்சமன்று. ஆனால் அவர்கள் செய்த பெரும்பிழை, தேரிக்காட்டுச் சபைகளைக் கேளாமலே அவற்றின் தலைவிதியைத் தீர்மானித்தது. பதினாயிரம் பேரைப் பாதிக்கும் தீர்ப்பு ஒன்றைக் கடல் கடந்த அறையிலே காகிதங்களை மட்டும் பார்த்து எழுதிவிட்டு, அது சபை ஒழுங்கின் தீர்ப்பு என்று அவர்கள் பெயர் சூட்டினார்கள். சபை என்பது யார் என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை.

ரேனியஸ் எதிர்த்து நிற்கவில்லை. ஆலயங்களும் பள்ளிகளும் சங்கத்தின் சொத்து என்பதை ஒப்புக்கொண்டு, கணக்குகளை ஒப்புவித்துவிட்டு, வேறோரிடத்தில் புதிதாகத் தொடங்கலாம் என்று வடக்கே ஆர்க்காட்டுக்குப் புறப்பட்டார். அவருடைய தோழர்கள் மூவரும் சங்கத்தை விட்டு விலகினார்கள். அதன் பிறகு நடந்ததுதான் இக்கதையில் எவரும் எதிர்பாராதது. உபதேசியார்கள் ஒருவர் பின் ஒருவராகக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். எங்களைச் சுவிசேஷத்தினாலே பெற்ற தகப்பனார் எங்களை விட்டுப் போகலாமா என்ற பொருளில் ஓலைமேல் ஓலை ஆர்க்காட்டுக்குச் சென்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் ரேனியஸ் திரும்பி வந்தார்.

அவர் திரும்பியது சரியா தவறா என்பதைப் பற்றி அன்றும் பேசினார்கள், பின்னரும் பேசினார்கள். ஆர்க்காட்டிலேயே அவர் தங்கியிருந்தால் சபைகள் இரண்டாகப் பிளந்திரா என்பது மறுக்க முடியாத உண்மை. அவர் வந்த பின், ஒரே ஊரில் இரு ஜெபவீடுகள் தோன்றின. அண்ணன் சங்கத்தோடும் தம்பி ரேனியஸ் ஐயரோடும் நின்ற வீடுகள் உண்டாயின. இருப்பினும், அழைத்தவர்களின் குரலைக் கேளாமல் இருந்திருப்பாரானால், கமிட்டியார் செய்த அதே பிழையை, அதாவது சபையாரின் மனத்தைக் கணக்கில் எடாத பிழையை, அவரும் செய்தவராவார். என் தீர்ப்பில் அவர் திரும்பி வந்தது சரியே. அதன் விலை பெரிது என்பதையும் கூடவே சொல்லவேண்டும்.

அந்த விலையை முதலிற் கொடுத்தவர்கள் உபதேசியார்கள். சங்கத்தோடு நின்றவர்க்குச் சம்பளம் மாதாமாதம் வரும். ரேனியஸோடு போனவர்க்கு, சென்னையிலும் ஐரோப்பாவிலும் இருந்த நண்பர்கள் அனுப்பும் உதவி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மனைவி மக்களோடு குடியிருந்த வீடும் பிள்ளைகள் படித்த பள்ளியும் சங்கத்துக்குச் சொந்தமாயிருக்க, அவற்றை விட்டு வெளியேறியவர்களின் விசுவாசத்தை நாம் அளந்து பார்க்க முடியாது. அவ்வாறே, சங்கத்தோடு நிலைத்து நின்றவர்களையெல்லாம் சம்பளத்துக்காக நின்றவர்கள் என்று சொல்லிவிடுவதும் பெரும் அநியாயம். ஜான் தேவசகாயம் அப்படி நிலைத்து நின்றவர்; 1836-இல் அத்தியட்சர் கோரி கையால் முழுக் குருப்பட்டமும் பெற்று, முதுமை வரை தெற்கத்திச் சபைகளுக்கு உண்மையாக உழைத்தார். தமிழன் ஒருவன் தமிழருக்குக் குருவாக வேண்டும் என்பதிலே அவருக்கும் ரேனியஸுக்கும் வேறுபாடு இல்லை. வாசல் எது என்பதில்தான் வேறுபாடு.

1838 ஜூன் 5-ஆம் நாள், 48 வயது நிரம்புமுன்னரே, ரேனியஸ் பாளையங்கோட்டையில் மரித்தார். அடைக்கலபுரத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். தலைவர் மறைந்தபின் பிளவும் நெடுங்காலம் நிற்கவில்லை. ஷாப்டரும் முல்லரும் சங்கத்துக்குத் திரும்பினார்கள். லெக்லர் சேலத்துக்குச் சென்று இலண்டன் மிஷனில் சேர்ந்தார். பிரிந்துபோன சபைகள் பெரும்பாலும் பழைய கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தன. வெளித்தோற்றத்தில் அத்தியட்சர் பக்கமே வென்றது.

ஆனால் ரேனியஸின் செமினரியிற் படித்த மாணவர் ஒருவர் அந்தக் கூரைக்குக் கீழே வரவேயில்லை. திருநெல்வேலியை அடுத்த உக்கிரன்கோட்டையில் 1810-இல் பிறந்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்பவர் அவர். ஆசிரியரிடம் வேதத்தையும், குரோவ்ஸிடம் சம்பளமின்றி வாழும் துணிவையும் கற்றுக்கொண்ட அருளப்பன், 1840-இல் வத்திராயிருப்புப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை நிறுவினார். குரோவ்ஸ் அவருக்குச் சம்பளம் கொடுக்க முன்வந்தபோது, கூலிக்காரனாகையால் பிரசங்கிக்கிறான் என்று ஜனங்கள் சொல்ல இடம் கொடுக்கமாட்டேன் என்று அதனை மறுத்துவிட்டார். அந்தச் சிற்றூரில் நிலத்தை உழுதார்கள், பள்ளி நடத்தினார்கள், ஊர் ஊராய்க் கால்நடையாகச் சென்று உபதேசித்தார்கள், வாரந்தோறும் அப்பம் பிட்டார்கள். அதற்கு அத்தியட்சர் உத்தரவும் கேட்கவில்லை, வெள்ளைக்கார மிஷனரியின் உத்தரவும் கேட்கவில்லை. 1860-இல் அங்கே தொடங்கிய எழுப்புதலில், படிப்பில்லாத ஆண்களும் பெண்களும் பாவ உணர்வினால் அழுது, பின் மகிழ்ந்து, பல பாஷைகளில் பேசி, தீர்க்கதரிசனம் உரைத்தனர் என்று அருளப்பன் தாமே தம் குறிப்புகளில் எழுதி வைத்தார். அந்த அக்கினி சங்கத்துச் சபைகளுக்குள்ளும் பரவியது. அதைக் கண்டு மிஷனரிகளுட் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் அஞ்சினார்கள். பெந்தெகொஸ்தே இயக்கம் உலகில் தோன்றுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன், தமிழ்நாட்டின் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் இது நிகழ்ந்தது என்பதைச் சபைச் சரித்திரம் எழுதுவோர் அண்மைக் காலத்திற்றான் கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அருளப்பன் 1867-இல் மரித்தார்.

ரேனியஸையும் அருளப்பனையும் போற்றுகிறவன் என்ற முறையில், அவர்கள் பெயரைச் சொல்லிக்கொள்ளும் இக்காலத்துச் சுதந்திர சபைகளிடம் ஒன்றைக் கேட்க எனக்கு உரிமை உண்டு. அத்தியட்சர் இல்லாத இடத்தில் ஆதிக்கமும் இல்லாமற் போய்விடுமா? எந்தச் சங்கத்துக்கும் உட்படாத, எவருக்கும் கணக்குக் காட்டாத தனி ஊழியக்காரர் ஒருவர், சபையார் யாரை மணக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம், எந்த வைத்தியரிடம் செல்லலாம், சம்பளத்தில் எத்தனை பங்கு தம்மிடம் கொண்டுவர வேண்டும் என்பதையெல்லாம் தேவனுடைய பெயரால் விதிக்கிற கூடங்கள் நம் காலத்தில் உண்டு. அவர் சொல்லை ஐயுற்றவர்கள் சாபத்துக்கு உள்ளானவர்கள் என்று ஒதுக்கப்படுவதும் உண்டு. ரேனியஸ் போராடியது அத்தியட்சரின் இருக்கையில் தாம் அமர்வதற்காக அன்று. தம்மிடம் இருந்த அதிகாரத்தைப் பல தமிழ் உபதேசியார்களோடு பகிர்ந்துகொள்ளும் உரிமைக்காகவே அவர் வேலையை இழந்தார். அதிகாரத்தைத் தமக்கே சேர்த்து வைத்துக்கொள்கிற ஒருவர் ரேனியஸை முன்னோடியாகக் காட்டுவது பொருந்தாது.

ரேனியஸ் எழுப்பிய கேள்விக்கு விடை கிடைக்க 112 ஆண்டுகள் ஆயின. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடக்கம் பெற்றபோது, அத்தியட்சரின் கை படாமல் பட்டம் பெற்றிருந்த பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், மெதடிஸ்ட் குருமார் அனைவரும் மறுபட்டம் பெறாமலே முழுக் குருக்களாக ஏற்கப்பட்டார்கள். ஸ்காத்லாந்துச் சபையில் அத்தியட்சரின்றிப் பட்டம் பெற்ற லெஸ்லி நியூபிகின், அன்றைக்கே மதுரை-இராமநாதபுரத்துக்கு அத்தியட்சராக அபிஷேகம் செய்யப்பட்டார். இனி வருங்காலப் பட்டங்கள் அத்தியட்சர் கையாலேயே என்றும் அத்திருச்சபை உடன்பட்டது. ஆகவே இரு தரப்பும் ஒன்றை விட்டுக்கொடுத்தன. இதனை ஏற்க மாட்டாமல் இங்கிலாந்தில் ஆங்கிலச் சபையினர் பலர் மனங்கசந்து எழுதியதும் உண்டு. 1835-இல் பாளையங்கோட்டையில் வேலைநீக்கத்துக்குக் காரணமாயிருந்த கொள்கை, 1947-இல் சென்னையில் ஒரு திருச்சபையின் அமைப்பு விதியில் இடம் பெற்றது.

அடுத்த அத்தியாயத்தில், நாசரேத்தில் மிஷனரியோடு மோதி, 1857-இல் வெள்ளைக்காரரின் துணையே வேண்டாத சபை ஒன்றைத் தொடங்கிய அருமைநாயகம் சட்டம்பிள்ளையைக் காண்போம். அதற்கு முன் வாசகரிடம் ஒரு விண்ணப்பம். மிஷனரிகள் எழுதிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் இலண்டனிலும் பர்மிங்ஹாமிலும் பத்திரமாக இருக்கின்றன. அவர்களோடு நின்ற உபதேசியார்கள் எழுதியவை நம்மிடத்தில் மிகச் சொற்பம். உங்கள் பாட்டனார் வீட்டுப் பரணிலோ மரப்பெட்டியிலோ பழைய ஓலைகள், சபைப் பதிவேடுகள், பிறப்பும் மணமும் குறித்து வைத்த குடும்ப வேதாகமங்கள் ஏதேனும் கிடைக்குமானால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவற்றைப் படி எடுத்து, உங்கள் ஊர்ச் சபையிலோ, அருகிலுள்ள கல்லூரி நூலகத்திலோ ஒப்படையுங்கள்.